பூல் ஹீட்டருக்கு கேஸ் போதவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியவர்கள் அக்டோபர் மாதம் ஆனதும் ஒரே புகாரைச் சொல்வார்கள். ஹீட்டர் பற்றுகிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, அணைந்துவிடுகிறது. மெக்கானிக் வந்து தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மாற்றுவார். அடுத்த முறை வந்து ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றுவார். பில் ஏறும், தண்ணீர் சூடாகாது. இந்த மாதிரி நேரங்களில் பெரும்பாலும் ஹீட்டர் மேல் குற்றமே இருக்காது. அதற்கு வேண்டிய அளவு கேஸ் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக் குளங்களுக்குச் சாதாரணமாகப் போடும் பெரிய ஹீட்டர் மணிக்கு 4,00,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) தின்னும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 1,00,000, டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டர் 40,000, அடுப்பு 65,000, துணி ட்ரையர் 25,000 என்று வைத்துக்கொண்டால் மொத்த வீடும் சேர்ந்து 2,30,000. வீடு முழுவதும் கேட்பதைவிடப் பின்கட்டில் நிற்கும் அந்த ஒரு பெட்டி அதிகம் கேட்கிறது. இயற்கை எரிவாயு ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 1,000 பி.டி.யூ. தரும். ஆக ஹீட்டருக்கு மட்டும் மணிக்கு 400 கன அடி கேஸ் வேண்டும். வீட்டைக் கட்டியபோது குளம் இல்லை, பிறகுதான் தோண்டினார்கள் என்றால், பழைய மீட்டரும் பழைய பைப்பும் இதைத் தாங்குமா என்று யாராவது அன்றைக்குக் கூட்டிப் பார்த்தார்களா என்பதே முதல் சந்தேகம்.

முதலில் மூக்கு

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். சுவிட்சைத் தொடாமல், போனைக்கூட அங்கே வைத்துப் பேசாமல், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், தள்ளி நின்று கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கோ 911-க்கோ பேசுங்கள். இயற்கை எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது. 1937 மார்ச் 18-ல் இதே டெக்சஸில் நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கசிந்த கேஸ் வெடித்துக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாகக் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாற்றமூட்டும் பொருளைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது.

கோளாறு தண்ணீர்ப் பக்கமா, கேஸ் பக்கமா?

ஃபில்டர் அடைத்திருந்தாலோ பம்ப் வேகம் குறைவாக வைத்திருந்தாலோ ஹீட்டர் பற்றவைக்கவே முயலாது. தண்ணீர் போதவில்லை என்று உள்ளே இருக்கும் பிரஷர் சுவிட்ச் தடுத்துவிடும். அப்படியானால் ஃபில்டரைக் கழுவிவிட்டுப் பம்ப் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, இக்னைட்டர் சிவக்கிறது அல்லது டிக் டிக் என்று பொறி தட்டுகிறது, கேஸ் வால்வு 'டக்' என்று திறக்கும் சத்தமும் கேட்கிறது, அதற்கப்புறம் தீ வரவில்லை அல்லது வந்து அணைகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஓர் அளவு

வீட்டு கேஸ் அழுத்தம் மிகச் சின்னது. U வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை கேஸ் லைனில் மாட்டினால் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறதோ அதுதான் அளவு. இதை நீர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வருவது சுமார் 7 நீர் அங்குலம், அதாவது கால் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). ஹீட்டரின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தகடு இருக்கும். குறைந்தபட்ச உள்வரும் அழுத்தம், அதிகபட்சம் இரண்டும் அதில் அச்சிட்டிருக்கும். பல மாடல்களுக்குக் கீழ் எல்லை 4 அல்லது 4.5 அங்குலம், மேல் எல்லை 10.5. சிலவற்றுக்கு 14 வரை போகும். உங்கள் தகட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

வருகிற மெக்கானிக்குகளில் பாதிப் பேர் ஹீட்டர் அணைந்திருக்கும்போது இந்த அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை மாட்டி, 7 அங்குலம் காட்டுகிறது, கேஸ் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த அளவுக்கு மதிப்பே இல்லை. ஃப்ளாட்டில் குழாயை மூடி வைத்திருக்கும்போது மாடியிலும் முழு அழுத்தம்தான் இருக்கும். கீழ்வீட்டில் திறந்த பிறகு மாடியில் நூலாகத்தானே வருகிறது? கேஸும் அதே. ஹீட்டர் முழுத் தீயில் எரிய வேண்டும். வீட்டில் உள்ள மற்ற எல்லா கேஸ் சாதனங்களும் கூடவே எரிய வேண்டும். அந்த நேரத்தில் ஹீட்டரின் கேஸ் வால்வு நுழைவாயிலில் எடுத்த அளவைத்தான் நம்பலாம். அப்போதும் தகட்டின் கீழ் எல்லைக்கு மேலே நின்றால் சப்ளை சரி. நின்ற நிலைக்கும் ஓடும் நிலைக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் விழுந்தால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

வால்வில் இருக்கும் சின்னச் செருகாணியைக் கழற்றி மேனோமீட்டர் மாட்டுவது உரிமம் பெற்றவர் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, "எல்லாம் எரியும்போது அளந்தீர்களா? எவ்வளவு காட்டியது?" என்று கேட்பது. அந்த ஒரு கேள்வியிலேயே வந்தவருக்கு வேலை தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: தனியாக நன்றாக எரிகிறது, ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ ஓடினால் அணைகிறது

சோதனை எளிது. வீட்டில் எல்லா கேஸ் சாதனங்களையும் நிறுத்துங்கள். ஹீட்டரை மட்டும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஃபர்னஸைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். அப்புறம் அடுப்பில் நாலு பர்னரையும் ஏற்றுங்கள். எந்தக் கட்டத்தில் ஹீட்டரின் சத்தம் மாறுகிறது, எதில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டர் இருந்தால் பெரும்பாலும் அதில்தான் மாட்டும். அது ஒன்றே முழு ஓட்டத்தில் 1,99,000 பி.டி.யூ. கேட்கும். யாராவது குளிக்கப் போனால் பூல் ஹீட்டர் அணைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது மீட்டரிடம் போங்கள். முகப்புத் தகட்டில் மணிக்கு எத்தனை கன அடி என்று போட்டிருக்கும். வீடுகளில் அதிகம் பார்ப்பது 250 என்று எழுதிய சின்ன மீட்டர். வீட்டுக்கு 230, ஹீட்டருக்கு 400, மொத்தம் 630 கேட்கும் இடத்தில் 250 மீட்டர் நின்றால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். 425 மீட்டரும் இந்த வீட்டுக்குப் பற்றாது. எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மீட்டர் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தத்தைத் தின்றுவிட்டுத்தான் கடத்தும்.

மீட்டரும், அதை ஒட்டி அழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் கேஸ் கம்பெனியின் சொத்து. அவர்களைக் கூப்பிட்டு, 'பிரஷர் குறைவாக இருக்கிறது' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஆள் வந்து 7 அங்குலம் காட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு சாதனத்தின் பி.டி.யூ. அளவையும் தகட்டிலிருந்து எழுதி, கூட்டி, "எங்கள் மொத்தச் சுமை 6,30,000, மீட்டர் 250, இதற்கேற்ற மீட்டர் வேண்டும்" என்று கேளுங்கள். பல இடங்களில் அதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கட்டணம் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மீட்டர் போதும் என்று தோன்றினால் குற்றவாளி நடுவில் இருக்கிறான். அவனைப் பிடிக்க இரண்டு இடத்தில் ஒரே நேரம் அளக்க வேண்டும்: மீட்டரின் வெளிவாயிலில் ஒன்று, ஹீட்டரின் நுழைவாயிலில் ஒன்று. எல்லாம் எரிகிறது. மீட்டரிலேயே 7 என்பது 4 ஆகிவிட்டால் கோளாறு மீட்டரிலோ தெருப் பக்கமோ இருக்கிறது. மீட்டரில் 7 அசையாமல் நிற்க, ஹீட்டரில் 3.5 என்றால் நடுவில் உள்ள பைப்தான். இந்த அளவை எடுக்காமல் தோட்டத்தைத் தோண்ட யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அறிகுறி: வேறு எதுவும் ஓடாதபோதும் பற்றி, சில விநாடியிலோ நிமிடத்திலோ அணைகிறது

பைப் சிறிது. ஹீட்டரின் கேஸ் வால்வு வாய் முக்கால் அங்குலம்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மீட்டர்வரை முக்கால் அங்குலப் பைப்பையே இழுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் கேஸ் பைப் போட எல்லாரும் பார்க்கும் என்.எஃப்.பி.ஏ. 54 விதித்தொகுப்பின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு அழுத்தம், இரும்புப் பைப், வழியில் அரை நீர் அங்குலம் மட்டும் இழக்கலாம் என்ற கணக்கில், 100 அடி நீளத்துக்கு மணிக்கு எத்தனை கன அடி போகும்?

முக்கால் அங்குலம்: 104
1 அங்குலம்: 195
ஒன்றேகால் அங்குலம்: 400
ஒன்றரை அங்குலம்: 600
2 அங்குலம்: 1,160

முக்காலிலிருந்து ஒன்றேகாலுக்குப் போனால் கொள்ளளவு கிட்டத்தட்ட நாலு மடங்கு. கையில் பிடித்துப் பார்த்தால் அரை அங்குல வித்தியாசம்தான், அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நீளமும் அதே அளவு முக்கியம். அதே முக்கால் அங்குலம் 10 அடியில் 360 கன அடி தரும், 50 அடியில் 151 ஆகிவிடும். குளம் பின்கட்டில், மீட்டர் வீட்டின் முன்பக்கம் என்றால் 100 அடி வெகு சுலபமாக வந்துவிடும். பைப்பின் முழங்கை வளைவுகளும் T வடிவ இணைப்புகளும் நீளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. ஹீட்டருக்குத் தனிப் பைப் மீட்டரிலிருந்தே வந்தால் 400-ஐ மட்டும் பார்த்தால் போதும். வீட்டுக்குப் போகும் பைப்பிலிருந்து நடுவில் பிரித்திருந்தால், பொதுவாக ஓடும் அந்தத் துண்டு 630-ஐயும் சுமக்க வேண்டும். பிரிந்த பிறகு ஒன்றேகால் போட்டிருக்கிறார்கள், பிரிவதற்கு முன்னால் இருப்பது ஒரு அங்குலம் என்றால், பின்னால் போட்ட பெரிய பைப் வெறும் அலங்காரம்.

மண்ணுக்கடியில் மஞ்சள் பிளாஸ்டிக் பைப் போயிருந்தால் அதற்கு அட்டவணை வேறு. உள் விட்டமும் வேறு. தோட்ட வேலைக்காரர் மண்வெட்டி பட்டு மடங்கியிருக்கலாம். தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தண்ணீர் தேங்கினால் தீ ஒரே சீராக இராமல் மேலும் கீழும் துள்ளும், மேனோமீட்டர் முள்ளும் கூடவே ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் பைப் அளவைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

ஹீட்டருக்கு அருகில் கடைசி இரண்டடியையும் பாருங்கள். அடுப்புக்கு மாட்டும் வளையும் குழாயை அங்கே மாட்டியிருப்பார்கள். பல ஹீட்டர் கையேடுகள் அதை வேண்டாம் என்கின்றன அல்லது பி.டி.யூ. அளவு முத்திரை குத்தியதை மட்டும் அனுமதிக்கின்றன. மூடும் வால்வு முழுத் துளை உள்ளதாக இல்லாமல் உள்ளே சுருங்கியிருக்கலாம். பைப் இணைக்கும் பசையும் இரும்புத் துருவலும் கேஸ் வால்வின் வாயில் உள்ள சல்லடையில் போய் அப்பியிருக்கலாம். இதற்காகத்தான் அங்கே கீழ்நோக்கி மூன்று அங்குலமாவது ஒரு குட்டைப் பைப் தொங்க வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத ஹீட்டரைப் பார்த்தால், போட்டவர் மற்ற இடத்திலும் வேலையைக் குறைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய பைப் போடத் தோட்டத்தை, நடைபாதைக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும் என்று வந்தால் இன்னொரு வழி உண்டு. கேஸ் கம்பெனி ஒத்துக்கொண்டால் மீட்டரிலிருந்து 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் எடுத்து, ஹீட்டருக்கு அருகில் ஒரு ரெகுலேட்டர் வைத்து இறக்கலாம். அப்போது முக்கால் அங்குலப் பைப்பிலேயே 100 அடிக்கு ஹீட்டருக்கு வேண்டியது தாராளமாகப் போகும். ஆனால் 2 பி.எஸ்.ஐ. என்பது 55 நீர் அங்குலம். வீட்டுக்குள் போகும் கிளையில் ரெகுலேட்டர் இல்லாமல் இந்த அழுத்தம் ஒரு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தால் வால்வு போகும், வீடும் போகலாம். கணக்கு தெரிந்த பிளம்பர் மட்டும் தொட வேண்டிய இடம் இது.

அறிகுறி: நாள் முழுக்க அணைந்திருந்த பின் பற்ற மறுக்கிறது, அடுப்பை ஏற்றினால் உடனே பற்றுகிறது

பலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இது பற்றாக்குறையே இல்லை, மிகை. ரெகுலேட்டர் முழுதாக மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். யாரும் கேஸ் எடுக்காதபோது பைப்பில் அழுத்தம் 7-லிருந்து மெல்ல ஏறி 14, 15 என்று போய்விடும். அந்த அழுத்தத்தை எதிர்த்து ஹீட்டரின் கேஸ் வால்வால் திறக்க முடியாது. அடுப்பை ஏற்றியதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது, வால்வு திறக்கிறது. நின்ற நிலை அளவு தனியாகவே உதவும் ஒரே இடம் இதுதான். எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் தகட்டின் மேல் எல்லையைத் தாண்டி நிற்கும். ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். மீட்டரை ஒட்டியது என்றால் கேஸ் கம்பெனி, ஹீட்டரை ஒட்டியது என்றால் உங்கள் செலவு.

அறிகுறி: அணையாமல் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் சூடாக நாள் கணக்காகிறது

பெரிய குளத்தில் இதைத் தீர்மானிப்பது கடினம். 20,000 கேலன் குளத்தை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்ற 1,67,000 பி.டி.யூ. வேண்டும். நல்ல 4,00,000 ஹீட்டரும் தண்ணீருக்குத் தருவது சுமார் 3,30,000-தான். ஆகவே மணிக்கு இரண்டு டிகிரி ஏறினாலே அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். காற்றடித்தால், மூடி போடாவிட்டால் அதுவும் வராது. ஆகவே குளத்தோடு ஸ்பா (சின்ன வெந்நீர்த் தொட்டி) இருந்தால் அதில் சோதியுங்கள். 600 கேலன் ஸ்பாவில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற வேண்டும். அரை மணி நேரத்தில் பத்து டிகிரிதான் ஏறியது என்றால் ஹீட்டர் மூன்றில் ஒரு பங்கு பலத்தில் ஓடுகிறது.

உறுதி செய்ய மீட்டரிடமே கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு, மீட்டரின் சின்னச் சோதனை முள்ளைக் கவனியுங்கள். ஒரு சுற்றுக்கு அரை கன அடி, 1, 2 என்று அருகில் எழுதியிருக்கும். 2 கன அடி முள் ஒரு சுற்றுச் சுற்ற 18 விநாடி ஆனால் மணிக்கு 400 கன அடி. ஹீட்டர் வயிறு நிறையத் தின்கிறது. 30 விநாடி ஆனால் 240 கன அடி. ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கிறது. 3,600-ஐ விநாடியால் வகுத்து முள்ளின் அளவால் பெருக்கினால் எந்த மீட்டருக்கும் விடை வரும். 2 பி.எஸ்.ஐ. மீட்டரில் கேஸ் நெருக்கி வருவதால் உண்மையான அளவு இதைவிடக் கொஞ்சம் கூடும். போன் ஸ்டாப்வாட்ச் தவிர வேறு கருவி வேண்டாம், எதையும் திறக்கவும் வேண்டாம். மேனோமீட்டர் வைத்திருக்காத மெக்கானிக்கைவிட இந்த முள்ளை நான் நம்புவேன்.

அறிகுறி: குளிர் கடுமையான நாட்களில் மட்டும் தகராறு

உங்கள் ஃபர்னஸ் ஓயாமல் ஓடுகிறது. தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படியே. மட்டுமட்டாகத் தாங்கிக்கொண்டிருந்த பைப் அன்றைக்குக் கைவிரிக்கும். அதைத் தவிர ரெகுலேட்டரின் சின்ன மூச்சுத் துளையைப் பாருங்கள். கீழ்நோக்கி, சல்லடையோடு இருக்க வேண்டும். மழை பெய்து உறைந்தால் பனிக்கட்டி அடைக்கும். கோடையில் குளவி அதில் மண்கூடு கட்டியிருக்கும். துளை அடைத்தால் உள்ளிருக்கும் சவ்வு அசைய முடியாமல் அழுத்தம் கண்டபடி போகும். நீங்களாகக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், சவ்வு கிழிந்துவிடும்.

2021 பிப்ரவரிப் புயலின்போது டெக்சஸில் கேஸ் கிணறுகளே உறைந்து உற்பத்தி விழுந்தது, சிக்கனமாகச் செலவழிக்கச் சொன்னார்கள். அந்த மாதிரி நாட்களில் கோளாறு தேட வேண்டாம், ஹீட்டரை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள்.

அறிகுறி: புதிதாக எதையோ மாட்டிய பிறகு ஆரம்பித்தது

2,50,000 ஹீட்டரை எடுத்துவிட்டு 4,00,000 மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். அதிகம் மறந்துபோவது ஜெனரேட்டர். மின்வெட்டுக்குப் பயந்து வைக்கும், கேஸில் ஓடும் 22 கிலோவாட் ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு 300 கன அடிக்கு மேல் எடுக்கும்.

அறிகுறி: ஒரு தடவைகூடப் பற்றவில்லை

பைப்பில் காற்று இருக்கலாம். புதுப் பைப் போட்டவர்கள் வெளியேற்ற வேண்டும். எங்காவது ஒரு வால்வு மூடியிருக்கும். கலிஃபோர்னியாவில் நில அதிர்வு வால்வு தானாக விழுந்திருக்கும். ப்ரொப்பேனுக்கான ஹீட்டரைக் கொண்டுவந்து மாட்டிய கூத்தும் நடப்பதுண்டு, தகட்டைப் படித்தால் தெரிந்துவிடும். பல மாதம் ஓடாத ஹீட்டரில் சிலந்தி பர்னர் வாயில் கூடு கட்டியிருக்கும்.

அறிகுறி: மஞ்சள் தீ, கரி, உறுமல்

உடனே அணையுங்கள். ஃபேன் இல்லாத பழைய ஹீட்டர்களில் கேஸ் அழுத்தம் குறைந்தால் அது போதிய காற்றை இழுத்துக்கொள்ளாது. தீ மஞ்சளாகி, வெப்ப மாற்றியின் இடுக்குகளில் கரி அப்பும். கரி அடைத்த ஹீட்டரில் தீ வெளியே நாக்கை நீட்டும், கார்பன் மோனாக்சைடு வரும். சப்ளையைச் சரிசெய்து, கரியைச் சுத்தம் செய்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு குறுக்கு வழி உலவுகிறது: கேஸ் வால்வில் உள்ள திருகை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது. உள்ளே வருவதே 3 அங்குலம் என்றால் எந்தத் திருகும் அதை 4 ஆக்காது. பின்னாளில் யாராவது பைப்பைச் சரிசெய்ததும் அந்தத் திருகு மிகையாகத் தள்ளி ஹீட்டரைப் பொசுக்கும். அப்படிச் செய்யப் போகிறவரை அங்கேயே நிறுத்துங்கள்.

வேலையை ஒப்படைக்கும்போது

டெக்சஸில் கேஸ் பைப் வேலைக்குப் பிளம்பர் உரிமம் வேண்டும். நகராட்சி அனுமதியும் அழுத்தச் சோதனையும் உண்டு. மண்ணைத் தோண்டுவதற்கு முன் 811-க்குச் சொன்னால் அடியில் ஓடும் பொது லைன்களை இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டு லைனை அவர்கள் குறிக்க மாட்டார்கள். பழைய கேஸ் பைப், குளத்து பைப்புகள் எங்கே போகின்றன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைப் புதைத்தால் கூடவே தடம் காட்டும் கம்பியும் போக வேண்டும். மண்ணை மூடும் முன் நீங்களே போய்ப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: மொத்த பி.டி.யூ. சுமை, மீட்டரிலிருந்து ஹீட்டர்வரை நீளம், பைப் விட்டம். மூன்றும் இல்லாமல் 'பெரிய பைப் போட்டுத் தருகிறோம்' என்று எழுதியிருந்தால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் பிளம்பர் கிளம்பும் முன்பே ஃபர்னஸ், வெந்நீர், அடுப்பு, ஹீட்டர் நாலையும் ஏற்றச் சொல்லி மேனோமீட்டர் அளவைக் கேட்டு வாங்கி, நின்ற நிலை, ஓடும் நிலை இரண்டையும் தேதியோடு ஹீட்டர் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த அக்டோபரில் யாராவது போர்டை மாற்ற வேண்டும் என்று வந்தால், மறுபடி அளந்து இதோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகு மாற்றட்டும்.